சரபாண்ட் வாசிக்க இரண்டாவது எண்ணில் தங்கிப் பழகுங்கள்

பியானோவிலோ செலோவிலோ இசையமைப்பாளர் பாக்கின் நடனத் தொகுப்பு (சூட்) எதையாவது எடுத்துப் பழகியவர்கள், அதில் மூன்று எண்ணிக்கையில் மெதுவாகப் போகும் நடனமான சரபாண்ட் வந்ததும் ஒருமுறையாவது திணறியிருப்பீர்கள். வேகமான பகுதிகளில் விரல் சொதப்பும், அது தெரிந்த கதை. இங்கே சுரம் எல்லாம் சரியாகத்தான் விழும், ஆனாலும் கேட்க உயிரே இருக்காது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: மூன்று எண்ணிக்கை என்றதும் வால்ட்ஸ் நடனம் மாதிரி முதல் எண்ணில் அழுத்திவிடுகிறோம், சரபாண்டில் எடை இறங்குவது இரண்டாவது எண்ணில்.

முதலில் வாத்தியத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து நடங்கள். ஒன்றில் லேசாகக் காலை வைத்து, இரண்டில் உடம்பின் எடையை முழுக்க இறக்கி அங்கேயே சற்றுத் தங்கி, மூன்றில் மெல்ல விலக வேண்டும். வீட்டில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும், இது நடனம்தானே. அழுத்தம் என்றவுடன் இரண்டாவது எண்ணில் கட்டையை ஓங்கிக் குத்தவும் கூடாது; நான் மாதக்கணக்கில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அப்புறம் வேகம். மெதுவாக என்றால் இழவு வீட்டு நடை அல்ல. ஆரம்பத்தில் இது துள்ளலான நடனம், ஆபாசம் என்று சொல்லி ஸ்பெயினில் 1583இல் தடையே போட்டார்கள்! 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசவைக்குப் போன பிறகுதான் இந்த நிதானமும் மிடுக்கும் வந்தன. நான்கு அளவைகளை (மூன்று எண்ணிக்கை கொண்ட சுற்றுகளை) ஒரே மூச்சில் பாடிப் பாருங்கள், மூச்சு பாதியில் தீர்ந்துபோனால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டலாம்.

தொடங்குவதற்கு 1733இல் அச்சான ஹேண்டெலின் டி மைனர் சரபாண்ட் நல்லது, கனமான கார்டுகள் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பவை), எடை எங்கே இறங்குகிறது என்று காதுக்கே தெரிந்துவிடும். பாக்கின் ஐந்தாவது செலோ தொகுப்பில் இருப்பதைக் கடைசிக்கு வையுங்கள். அதில் கார்டு ஒன்றுகூடக் கிடையாது, ஒற்றை இழையாகவே போகும், தாளத்தை நீங்கள்தான் மனதுக்குள் சுமக்க வேண்டும்.

பெரும்பாலான சரபாண்டுகள் இரண்டு பாதிகள், ஒவ்வொன்றையும் இருமுறை வாசிக்க வேண்டும். முதல் முறை எழுதியபடியே வாசித்துவிட்டு, திரும்ப வரும்போது நகாசு சேருங்கள். பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியமான ஹார்ப்சிகார்டில் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும், அதனால் நீண்ட சுரத்தை ட்ரில் (பக்கத்துச் சுரத்தோடு வேகமாக மாறி மாறி வாசிப்பது) போட்டுத்தான் உயிரோடு வைத்திருப்பார்கள். எங்கே எவ்வளவு சேர்ப்பது என்று குழப்பமாக இருந்தால் பாக்கின் இங்கிலீஷ் தொகுப்புகளில் இரண்டாவதையும் மூன்றாவதையும் திறந்து பாருங்கள், அவற்றின் சரபாண்டுகளுக்கு அலங்காரம் சேர்த்த வடிவத்தையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

பியானோவில் வாசிப்பவர்கள் பெடலைக் குறையுங்கள், சத்தியமாகச் சொல்கிறேன், பாதிக் குழப்பம் அதில்தான் வருகிறது. பிறகு போனில் பதிவு செய்து, கேட்டுக்கொண்டே இரண்டாவது எண்ணில் மட்டும் கை தட்டுங்கள். கை தானாக விழவில்லை என்றால் நகாசு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மறுபடி நடந்துவிட்டு வந்து உட்காருங்கள்.