காய்ந்த நுனியில் நோயைத் தேடாதீர்கள்

பழமரம் வளர்க்கத் தொடங்கியவர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டும் கிளைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: முழுக்கக் காய்ந்த சுள்ளி. அதை வைத்து என்ன நோய் என்று சொல்ல முடியாது. நானும் இப்படித்தான் பார்த்துப் பார்த்து ஒரு மாமரத்தில் பாதியை இழந்தேன். புதிதாக வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகளைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

காய்ந்த இடத்தோடு வெட்டி நிறுத்துவது

அந்த மாமரத்துக்கு வந்தது நுனிக்கருகல். இலை கருகிய இடம் வரை வெட்டினேன். அடுத்த மாதம் இன்னும் கீழே காய்ந்தது. மறுபடி வெட்டினேன், மறுபடி காய்ந்தது. மூன்றாவது முறை பெரிய கிளையே போன பிறகுதான் வெட்டுவாயை உற்றுப் பார்த்தேன். வெளியே பட்டை பச்சையாகத்தான் இருந்தது. உள்ளே கட்டையில் பழுப்புக் கோடு கீழ்நோக்கி ஓடியிருந்தது. இந்த நோயைக் கொண்டுவரும் லேசியோடிப்ளோடியா பூஞ்சை காயத்தின் வழியே நுழைந்து, நாம் காணும் கருகலுக்கு முன்னாலேயே மரத்துக்குள் இறங்கிவிடும். இன்றைக்கும் யாராவது காய்ந்த இடத்தோடு வெட்டி நிறுத்துவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

அதனால் கத்தி நுனியால் பட்டையை மேலிருந்து கீழாகக் கீறுங்கள். பழுப்பு முடிந்து பச்சை தொடங்கும் எல்லைதான் நோய் உயிரோடு இருக்கும் இடம். பரிசோதனைக்கு அனுப்புவதானாலும் அந்த எல்லைத் துண்டைத்தான் அனுப்ப வேண்டும். செத்த கட்டையில் முளைப்பது பிறகு வந்து குடியேறிய வேறு பூஞ்சையாகவும் இருக்கலாம். வெட்டும்போது எல்லைக்குக் கீழே ஒரு சாண் அளவு நல்ல கட்டையையும் சேர்த்து எடுங்கள். வெட்டுவாயில் பழுப்பு தெரிந்தால் இன்னும் கீழே போங்கள். அப்புறம் வெட்டுவாயில் போர்டோ பசை பூசுங்கள்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர்.

ரம்பத்தைத் துடைக்காமல் அடுத்த மரத்துக்குப் போவது

போகாதீர்கள்.

பிசின் வடிந்தாலே பூஞ்சை என்பது

முதலில் ஓட்டை இருக்கிறதா, மரத்தூள் கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது தண்டுத் துளைப்பான் புழுவின் வேலை. அதற்குப் பூஞ்சைக்கொல்லி அடித்துப் பயனில்லை.

கரும்பூசணத்தைச் சுரண்டுவது

கைபட்டால் உதிரும் அந்தக் கரி, தத்துப்பூச்சியும் மாவுப்பூச்சியும் விடும் தேன்கழிவின் மேல் வளர்வது. பூச்சியைக் கவனியுங்கள்.

லைக்கனைப் பார்த்துப் பயப்படுவது

பட்டையில் ஒட்டியிருக்கும் சாம்பல் பச்சைத் திட்டு மரத்தைத் தின்னாது.

இளஞ்சிவப்பு நோயை நிறம் வரும்வரை விடுவது

பெயரைக் கேட்டுவிட்டு எல்லாரும் சிவப்பைத் தேடுகிறார்கள். மழைக்காலத்தில், கிளை பிரியும் கவட்டில் முதலில் தெரிவது சிலந்தி வலை போன்ற வெள்ளை இழைதான். இளஞ்சிவப்புப் படலம் பிறகுதான் வரும். அதற்குள் கவட்டுக்கு மேலே உள்ள இலைகள் வாடத் தொடங்கியிருக்கும்.