தோட்டத்துக்கு லைட் இழுக்கும்போது செய்கிற தப்புகள்

மாங்காய் சீசனில் காவேரிப்பட்டணம் பக்கம் வந்து பாருங்கள், ராத்திரி பதினோரு மணிக்கும் லாரியில் லோடு ஏறிக்கொண்டிருக்கும், பக்கத்துத் தோட்டத்தில் ரிப்பேரான போர் மோட்டாரை மேலே ஏற்றி பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். நான் அந்த மோட்டார் வேலைக்குப் போகிறவன். வேலை என்னவோ ஒழுங்காகத்தான் நடக்கும், லைட் போட்டிருக்கும் லட்சணத்தைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

முதலில் தீக்குச்சி. பிளக் வாங்க முப்பது, நாற்பது ரூபாய் ஆகும் என்று ஒயர் முனையைச் சீவி ஓட்டையில் விட்டு, நழுவாமல் இருக்கத் தீக்குச்சியைச் சொருகி வைக்கிறோமே, அதில் இரண்டு ஆபத்து. ஒன்று, ஒயர் லூசாக உட்கார்ந்து பொறி விட்டுச் சூடாகும். இரண்டாவது, யாராவது கால் தடுக்கி இழுத்தால் கரண்ட் உள்ள முனை அப்படியே வெளியே வந்து கிடக்கும். எல்லாவற்றையும் விட, கசிகிற கரண்டை மண்ணுக்குள் கொண்டுபோகிற எர்த் ஒயர் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

எர்த் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: ஃபோகஸ் லைட்டின் கூடும் ஸ்டாண்டும் இரும்பு அல்லது அலுமினியம். ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் உரசி உரசித் தோல் கிழிந்தால் முழு ஸ்டாண்டிலும் கரண்ட் நிற்கும். லைட் மட்டும் ஜோராக எரிந்துகொண்டிருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று ஸ்டாண்டை நகர்த்துகிறவருக்குத்தான் தெரியும். ஸ்டாண்ட் இரும்பு என்றால் உள்ளே மூன்று கம்பி ஓடுகிற மூன்று கோர் ஒயர், த்ரீ பின் பிளக், அந்தப் பக்கம் சாக்கெட்டிலும் உண்மையான எர்த், இந்த மூன்றும் வேண்டும். எர்த்துக்கான பெரிய பின்னை வெட்டிவிட்டுச் சொருகுகிறவர்களை என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

"எம்சிபி இருக்குதே, விழுந்துடும்ல?" என்று, கரண்ட் அதிகமானால் தானே ஆஃப் ஆகிற அந்த சுவிட்சை நம்பிக் கேட்பார்கள். விழாது. 6 ஆம்பியர் எம்சிபி, ஒயர் சூடாகி எரியாமல் இருக்க வைத்தது. ஆளைக் கொல்ல ஒரு ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கு போதும், அது எம்சிபிக்கு உறைக்கவே உறைக்காது. அதற்கு வேண்டியது, கரண்ட் கொஞ்சம் வெளியே கசிந்தாலே லைனை வெட்டிவிடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. வெளியே இழுக்கிற லைட்டுக்கு ஒரு சின்ன பெட்டியில் அதைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், மாதம் ஒருமுறை அதிலிருக்கும் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள், விழவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

நான் கண்டதிலேயே மோசமானது மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து லைட்டுக்குக் கரண்ட் எடுப்பது. கரண்ட் வருகிற மூன்று பேஸ் ஒயரில் ஒன்றை எடுத்துக்கொண்டு, கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயர் கைக்கு எட்டவில்லை என்று இன்னொரு ஒயரைப் போர் குழிக்குள் நிற்கிற இரும்புக் கேசிங் பைப்பிலோ எர்த் கம்பியிலோ சுற்றிவிடுவார்கள். லைட் எரியும். ஆனால் எர்த் சரியில்லாத இடமாக இருந்தால் அந்த இரும்பிலேயே கரண்ட் ஏறி நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் பைப் கழற்ற வேண்டும்! சில வருடம் முன்பு எனக்கே கை உதறியது, அன்றைக்கு ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் தப்பித்தேன். இன்னொரு கோஷ்டி தெரியாமல் இரண்டு பேஸில் மாட்டிவிடும். அங்கே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், 230 வோல்ட் லைட் டப்பென்று போகும்.

ஜாயின்ட்டை வாய்க்காலில் போட்டுவிட்டு "டேப் சுத்தியிருக்குங்க" என்பதும் வேண்டாம். அந்த டேப் தண்ணீரைத் தடுக்காது. ஜாயின்ட் இல்லாத முழு நீள ஒயர் நல்லது, இல்லையென்றால் ஜாயின்ட்டை மரக்கொம்பில் தூக்கிக் கட்டுங்கள். லாரியோ டிராக்டரோ போகும் தடத்தில் ஒயர் தரையில் கிடக்கக் கூடாது.

ஒயரைச் சுருளாகவே வைத்து ஓட்டலாமா? 50 வாட் எல்இடி கால் ஆம்பியர்கூட இழுக்காது, பரவாயில்லை. ஆனால் லைட்டுக்கென்று இழுத்த அதே பெட்டியில் கட்டிங் மெஷினையும் சொருகுவோம் அல்லவா, அது ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும், சுருளின் உள்பக்கம் சூடு வெளியேற வழியில்லாமல் தோல் உருகும். முழுக்கப் பிரித்துப் போடுங்கள். இன்னொன்று, மெஷின் ஓவர்லோடாகி எம்சிபி விழுந்தால் லைட்டும் சேர்ந்து போய்விடும், பிளேடு மட்டும் இருட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். லைட்டுக்குத் தனி லைன், அல்லது பக்கத்தில் ஒரு சார்ஜ் லைட்.

பழைய 500 வாட் ஹாலோஜன் இன்னும் வைத்திருப்பவர்கள் அதை வைக்கோல், சாக்கு, அட்டைப்பெட்டி பக்கம் கொண்டுபோகாதீர்கள். பல்பின் கண்ணாடி 250 டிகிரிக்கு மேல் கொதிக்கும். மழை விட்ட ராத்திரியில் ஈசல் விழுந்து பொரிகிற வாடையிலேயே சூடு தெரிந்துவிடும். தொப்பூர் கணவாயில் லாரி ரிப்பேராகி நின்றால், எந்த லைட்டாக இருந்தாலும் எதிரே வருகிற டிரைவர் கண்ணில் அடிக்காமல் திருப்பி வையுங்கள்.

சரி, சார்ஜ் லைட் என்றால் பயமே இல்லையா? பின்னால் இரண்டு பின் நீட்டிக்கொண்டு நேராகச் சுவரில் சொருகுகிற விலை குறைந்த டார்ச்சுகள் பலவற்றில் உள்ளே டிரான்ஸ்பார்மர் கிடையாது, சார்ஜ் ஆகும்போது உள்ளே 230 வோல்ட் லைனோடு நேரடித் தொடர்பு இருக்கும். சார்ஜில் இருக்கும்போது எரிய வைத்துக் கையில் பிடிக்காதீர்கள், உடைந்த கூடு என்றால் தொடவே வேண்டாம். பேட்டரி உப்பியிருந்தால் அந்த லைட்டின் கதை முடிந்தது. வெயிலில் டிராக்டர் மேல் கிடந்து கொதிக்கிற லைட்டை அப்படியே சார்ஜில் போடாமல் ஆற விடுங்கள். சீசன் முடிந்து எடுத்து வைக்கும்போது, லித்தியம் என்றால் பாதி சார்ஜோடு வைக்கலாம். பழைய லெட் ஆசிட் எமர்ஜென்சி லைட் என்றால் முழுக்க ஏற்றி வைத்து, இடையிடையே ஏற்ற வேண்டும், காலியாக வைத்தால் செத்துவிடும்.

அப்புறம் கிணறு. முன்பெல்லாம் தூர் வார இறங்குவதற்கு முன் லாந்தரைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள், அணைந்தால் காற்று சரியில்லை என்று அர்த்தம். இப்போது தலையில் எல்இடி லைட்டை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். அது ஆக்சிஜனே இல்லாத இடத்திலும் பளிச்சென்று எரியும், எதுவும் சொல்லாது. அதற்காக லாந்தருக்குத் திரும்புங்கள் என்று சொல்லவில்லை, என்ஜின் புகையில் வருகிற விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடு இருந்தால் அதுவும் காட்டாது, தீப்பற்றும் வாயு இருந்தால் வெடிக்கும். உள்ளே என்ஜின் வைத்துத் தண்ணீர் இறைத்த கிணற்றில் உடனே இறங்காதீர்கள். மேலே ஆள் இல்லாமல், இடுப்பில் கயிறு இல்லாமல் எந்தக் கிணற்றிலும் இறங்காதீர்கள். உள்ளே போனவர் சாய்ந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காமல் கயிற்றால் மேலே இழுக்கப் பாருங்கள், 101-க்கோ 112-க்கோ உடனே போன் போடுங்கள்.