சி-ஆர்ம் கதிரில் விரல் மாட்டாமல் ஆணி பூட்டும் முறை

எலும்பு முறிவு அறுவையில் சி-ஆர்ம் என்னும் எக்ஸ்-கதிர்ப் பட இயந்திரத்தை இயக்கும்போது, ஈய ஏப்ரன் உடம்பைக் காக்கும், கழுத்தில் கட்டும் ஈயக் காலர் தைராய்டைக் காக்கும். கைக்கு மட்டும் மறைப்பே கிடையாது. முறிந்த தொடை எலும்பைத் தாங்க அதற்குள் நீண்ட உலோக ஆணியை இறக்கியபின் அதன் கீழ்முனைத் துளையில் ஸ்க்ரூ பூட்டும் நேரத்தில்தான் விரல்கள் நேர்க்கதிருக்குள் அதிகம் போகின்றன.

கதிர்த்தடுப்புக் கையுறை போட்டால் போதும் என்று நம்பிவிடாதீர்கள். பிஸ்மத்தோ டங்ஸ்டனோ கலந்த கையுறை சிதறி வரும் கதிரை ஓரளவு குறைக்கும், அவ்வளவுதான். அதே கையுறையோடு கையை நேர்க்கதிருக்குள் நீட்டினால், படம் இருண்டுவிட்டதாக இயந்திரம் எடுத்துக்கொண்டு கதிரைத் தானாகவே கூட்டும். கையுறை தடுத்ததில் பெரும்பங்கு இப்படியே போய்விடும். நோயாளிக்கும் கூடுதல் கதிர்.

முதலில் சி-ஆர்மைச் சரியாக நிறுத்துங்கள். நோயாளியின் உடலில் கதிர் நுழையும் பக்கத்தில்தான் சிதறல் மிக அதிகம். மேலிருந்து பார்க்கும் படத்துக்கு, கதிரை உமிழும் குழாய் மேசைக்கு அடியில் இருக்கட்டும். பக்கவாட்டுப் படத்தில் நீங்கள் நிற்க வேண்டியது, குழாய்க்கு எதிரே கதிரை வாங்கிப் படமாக்கும் டிடெக்டரின் பக்கம். டிடெக்டரைத் தோலுக்கு அருகில் கொண்டுவாருங்கள். துளையிடும்போது மட்டும் டிரில் நுழையும் அளவுக்கு விலக்கினால் போதும். கதிர் விழும் பரப்பைக் குறுக்கும் கொலிமேட்டரைத் துளையைச் சுற்றிச் சுருக்குங்கள். நொடிக்கு 30 பல்ஸ் (கதிர்த் துடிப்பு) இங்கே தேவையே இல்லை, 7.5 தாராளம். படத்தைப் பெரிதாக்கும் பொத்தான் பல இயந்திரங்களில் கதிரையும் கூட்டிவிடும்.

இனி பூட்டுதல். ஆணியின் துளை முழு வட்டமாகத் தெரியும்வரை சி-ஆர்மைத் திருப்பச் சொல்லுங்கள். முட்டை வடிவில் தெரிந்தால் கோணம் தப்பு. அந்த நிலையில் துளையிட்டால் டிரில் ஆணியில் இடித்து நழுவும், அப்புறம் ஷாட்டுக்கு மேல் ஷாட்டாக எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்க நேரும். கீறலிடும் இடத்தைக் குறிக்க நீண்ட ஆர்டரி ஃபோர்செப்ஸின் (இடுக்கியின்) நுனியை வையுங்கள், விரலை அல்ல. டிரிலைச் சாய்த்துப் பிடித்தால் நுனி வட்டத்தின் நடுவிலும் உங்கள் கை கதிருக்கு வெளியிலும் இருக்கும். ஒரே ஒரு ஷாட். கதிரை இயக்கும் பெடலிலிருந்து கால் எடுத்தாயிற்று என்று உறுதியானபின் டிரிலைக் கதிரின் திசைக்கு நிமிர்த்தி, திரையில் நிற்கும் கடைசிப் படத்தை வைத்தே துளையிடுங்கள். சரிபார்க்கும் ஷாட்டுக்கு முன் டிரில் முனையை இயந்திரத்திலிருந்து கழற்றி எலும்பிலேயே விட்டுவிட்டுப் பின்வாங்குங்கள். சிதறல் வரும் இடத்திலிருந்து 20 செ.மீ. தள்ளியிருந்த கை 40 செ.மீ. தள்ளிப்போனால், படும் கதிர் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும்.

ஷாட்டின்போது உதவியாளர் காலைப் பிடித்திருக்க வேண்டியிருந்தால், அவர் கையும் கொலிமேட்டர் எல்லைக்கு வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். திரையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது எல்லோரும் மறப்பது இதைத்தான்.

விரலில் படும் கதிரை அளக்கும் மோதிர டோசிமீட்டரைக் கதிருக்கு மிக அருகில் போகும் கையில், கையுறைக்குள், உணரும் முகம் குழாயை நோக்கி இருக்கும்படி அணியுங்கள். டிஎல்டி வகை (பட்ட கதிரைப் படிகத்தில் பதிந்துவைக்கும்) மோதிரத்தை, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போட்டால் வெப்பத்தில் பதிவு கெட்டுவிடும். இந்தியாவில் பணியாளரின் கைகளுக்கான வரம்பு ஆண்டுக்கு 500 மில்லிசீவர்ட் (கதிர் அளவின் அலகு). மார்பில் அணியும் கதிர் அளவி பேட்ஜின் அளவு குறைவாக இருப்பதை வைத்துக் கைக்கும் குறைவு என்று கணக்கிட முடியாது.

நகத்தில் நீளவாக்கில் கோடுகள், விரல் முதுகில் முடி உதிர்வு, தொடர்ந்து வறண்ட தோல், ஆறாத புண் இவற்றில் எது தெரிந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்டி, கதிரில் வேலை செய்பவர் என்பதையும் சொல்லுங்கள். கண்டுபிடிப்பாளர் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்-கதிர்க் குழாய்களோடு வேலை செய்த கிளாரன்ஸ் டாலிக்கு இரு கைகளையும் வெட்ட வேண்டிவந்தது, 1904-ல் இறந்தும்போனார்.

அறுவை முடிந்ததும் சேமித்த படங்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எந்தப் படத்தில் விரல் எலும்பு தெரிகிறதோ, அந்தக் கட்டத்தில் கைக்குப் பதில் என்ன கருவி வைத்திருக்கலாம் என்று குழுவோடு அங்கேயே பேசி, அடுத்த அறுவைக்கு அதை டிரேயில் சேர்த்துவிடுங்கள்.