ஆடிக் கடலில் ஃபைபர் வள்ளம்: பொழியைத் தாண்டி உள்ளே வருவது எப்படி

நீரோடி, வள்ளவிளை, தேங்காய்ப்பட்டணம் கரைகளில் புதிதாக எஞ்சின் கைப்பிடியைப் பிடிக்கும் தம்பிகளுக்காக எழுதுகிறேன். பொழி என்றால் ஆறு கடலில் சேரும் வாய். ஸ்டார்ட் செய்யவும் திருப்பவும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் இன்காய்ஸ் (கடல் நிலையைச் சொல்லும் அரசு மையம்) அறிவிப்பைப் பாருங்கள். வானத்தை மட்டும் நம்பக் கூடாது. கள்ளக்கடல் வரும் நாளில் நம் கரையில் காற்றே இருக்காது. தெற்கே வெகுதூரத்தில் அடித்த புயலின் அலைதான் இங்கே வந்து ஏறுகிறது. சித்திரை, வைகாசியில் கூடுதல் கவனம் வேண்டும்.

கிளம்பும் முன் வலையையும் ஐஸ் பெட்டியையும் நடுவில், தாழ்வாக வையுங்கள். எண்ணெயை வடிகட்டி ஊற்றுங்கள். வள்ளம் குலுங்கும்போதுதான் டேங்கின் அடியில் கிடக்கும் தண்ணீரும் அழுக்கும் கலங்கி எஞ்சினுக்குப் போகும். எஞ்சினை உடனே நிறுத்தும் கில் சுவிட்ச் கயிறு கையில் கட்டியே இருக்கட்டும். லைஃப் ஜாக்கெட்டில் எனக்கு நுரை அடைத்த பழைய வகைதான் பிடிக்கும். காற்று ஊதும் வகையில் ஓட்டை விழுந்தால் போச்சு. தண்ணீர் இறைக்க, வாய் வெட்டிய ஐந்து லிட்டர் கேன் போதும்.

வெளியே போகும்போது அலையை நேராக முட்டாமல் அணியத்தை (வள்ளத்தின் முன்பக்கத்தை) கொஞ்சம் சாய்த்து ஏறுங்கள். ஏறும்போது வேகம் கொடுத்து, உச்சிக்கு வரும்போது குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வள்ளம் அந்தரத்தில் எழும்பி அடிபலகை அடிபடும். ஆனால் உடைகிற அலை வந்தால் சாய்க்காதீர்கள், அணியம் நேராகவே நிற்கட்டும்.

சரி, உள்ளே வருவதுதான் கஷ்டம். மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஆடி மாதக் காலையில், பின்னால் வந்த அலைக்குப் பயந்து நான் வேகத்தைக் கூட்டினேன். முன்னால் போன அலையின் உச்சியைத் தாண்டி வள்ளம் சரிந்தது. அணியம் பள்ளத்தில் குத்தியது. பின்புறத்தை அலை தூக்கிச் சுழற்ற, வள்ளம் குறுக்கே திரும்பி, முழங்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. அடுத்த அலை சிறியதாக வந்ததால் நானும் மச்சானும் உயிரோடு கரை சேர்ந்தோம்.

அலையின் முன்சரிவில் வள்ளம் தானாகவே வழுக்கி ஓடும். நுரையில் எஞ்சின் விசிறிக்குப் பிடிப்பு இருக்காது. அப்போது எவ்வளவு திருப்பினாலும் வள்ளம் கேட்காது. அதனால் முன்சரிவுக்கே போகக் கூடாது.

இப்போது நான் செய்வது இதுதான். அலை உடையும் இடத்துக்கு வெளியே, அணியத்தைக் கடல் பக்கம் வைத்து நிற்பேன். பெரிய அலைகள் கூட்டமாக வரும், அப்புறம் சற்று ஓயும். பத்து நிமிடமாவது பார்ப்பேன். கூட்டத்தின் கடைசிப் பெரிய அலை என்னைக் கடந்ததும் திரும்பி அதன் முதுகில் ஏறிக்கொள்வேன். அதன் உச்சி எப்போதும் எனக்கு முன்னால் இருக்க வேண்டும். அது மெதுவானால் நானும் மெதுவாவேன். கூட வருபவர் பின்பக்கம் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். கோவில் குருசையும் ஒரு விளக்குக் கம்பத்தையும் ஒரே நேராக வைத்துக் கணிச்சம் பார்த்து வருவேன். ஆனால் மணல் மேடு இடம் மாறும், போன மாதத்துக் கணிச்சத்தை அப்படியே நம்பாதீர்கள். பாதி வழியில் மட்டும் திரும்பவே கூடாது, அலைக்கு வள்ளத்தின் பக்கவாட்டைக் காட்டிவிடுவோம்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒரு தம்பி, "அண்ணே, பொழியில் எஞ்சின் நின்றுபோனால்?" என்று கேட்டான். உடனே நங்கூரத்தை அணியத்திலிருந்து போட வேண்டும். பின்புறத்திலிருந்து போட்டால் எஞ்சின் பாரத்தோடு அந்தப் பக்கமே தாழ்ந்து தண்ணீர் ஏறும். கயிற்றைத் தாராளமாக விடுங்கள். குட்டையாக இருந்தால் நங்கூரம் பிடிக்காமல் இழுபடும். அதனால் கிளம்பும்போதே கயிற்றின் நுனி அணியத்தில் கட்டியிருக்க வேண்டும், நங்கூரம் வலைக்கு அடியில் கிடக்கக் கூடாது. பிறகு விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் சேனலில் கூப்பிடுங்கள். செல்போனில் சிக்னல் கிடைத்தால் கடலோரக் காவல்படையின் எண் 1554.