பூக்கும் மாதத்தைக் கொண்டு விதைக்கும் நாளைக் குறித்தல்: சமவெளி வீட்டுத் தோட்டத்துக்கு ஓராண்டு வழிகாட்டி

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களில் பலர் விதை கைக்குக் கிடைத்த நாளிலேயே விதைத்துவிடுகிறார்கள். விதை முளைத்துவிடுகிறது, செடியும் தழைத்துவிடுகிறது. ஆனால் அது பூக்கத் தொடங்கும் வேளையில் ஐப்பசி அடைமழையோ கத்திரி வெயிலோ குறுக்கிட்டால், பூவெல்லாம் உதிர்ந்து வெறும் இலையே மிஞ்சுகிறது. செடியின் வாழ்நாளில் பருவநிலையால் எளிதில் கெடுவது பூத்துக் காய் பிடிக்கும் அந்தச் சில வாரங்கள்தான். ஆகவே ஒரு செடி எந்த மாதத்தில் பூத்தால் நல்லது என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கும் நாளைக் குறிக்க வேண்டும். ஆடிப்பட்டம், தைப்பட்டம், சித்திரைப்பட்டம் என்று நம் உழவர்கள் வகுத்துவைத்த கணக்கின் உட்பொருள் இதுவே. தமிழ்நாட்டின் சமவெளி மாவட்டங்களுக்கு அந்தக் கணக்கை வீட்டுத் தோட்டத்தின் அளவில் இங்கே விவரிக்கிறேன். உதகை, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளுக்கு இது பொருந்தாது.

இடமும் மண்ணும்

காய்கறிச் செடிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும் என்பதைப் பலரும் அறிவர். அந்த வெயில் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் விழுவதில்லை என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் வீட்டின் நிழல் வடபுறம் நீண்டு விழும். ஆனியில் உச்சிப் பொழுதுச் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே இருப்பதால் நிழல் தென்புறம் திரும்பிவிடும். எனவே மார்கழி, தை மாதங்களில் பூத்துக் காய்க்க வேண்டிய தக்காளி, அவரை, செவ்வந்தி ஆகியவற்றுக்கு வீட்டின் தென்புறத்தை ஒதுக்குங்கள். வடபுறத்தில் அந்த மாதங்களில் கீரையும் புதினாவும் நிற்கட்டும். கோடையில் அதே இடம் வெண்டைக்கும் கொத்தவரைக்கும் போதிய வெயிலைத் தரும்.

வீடு கட்டிய மனையில் மேல்மண்ணோடு சிமென்ட் கழிவும் செங்கல் துண்டும் கலந்திருக்கும். அத்தகைய இடத்தை முழுவதும் கொத்திப் புரட்டுவதைவிட, செடி வைக்கும் இடங்களில் மட்டும் ஒன்றரை அடி ஆழ அகலத்தில் குழி எடுத்து, செம்மண்ணும் நன்கு மட்கிய தொழுவுரமும் சரிபாதியாகக் கலந்து நிரப்புவது எளிது. குழிக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்த்தால் வேர்ப்புழுக்களும் நூற்புழுவும் குறையும். மாடித் தோட்டத்தில் பாரம் குறைய வேண்டும் என்பதால் செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலக்கலாம். நார்க்கழிவில் உப்பு இருக்கும். அதை இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். மட்காத சாணத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் இடாதீர்கள். அது மண்ணுக்குள் சூடேறி வேரைக் கருக்குவதோடு, காண்டாமிருக வண்டின் புழுக்களையும் கொண்டுவந்து சேர்க்கும்.

ஆடியில் தொடங்கும் வேலை

தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரமும் அவ்வப்போது பெய்யும் மாலை மழையும் கோடையின் கடுமையைத் தணிப்பதால், ஆடி மாதத்தில், அதாவது சூலை நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதிக்குள், விதைக்கும் செடி வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் வேரூன்றிவிடும். கொடிக் காய்களுக்கு இது மிகச் சிறந்த பட்டம். புடலை, பீர்க்கு, பாகல், சுரை ஆகியவற்றின் விதையை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, குழிக்கு நான்கு விதைகளாக நேரடியாக ஊன்றுங்கள். முளைத்த பின் வலுவான இரண்டை விட்டு மற்றவற்றை நீக்கிவிடலாம். இவற்றின் வேர் இடம் மாற்றுவதைப் பொறுக்காது. நாற்றாக வளர்த்தே தீர வேண்டுமென்றால் தேங்காய்த் தொட்டியிலோ காகிதக் கோப்பையிலோ வளர்த்து மண் கலையாமல் நட வேண்டும். பந்தலை விதை ஊன்றும்போதே போட்டுவிடுங்கள். தேனி, கோவை, திருநெல்வேலிப் பக்கங்களில் வீசும் ஆடிக் காற்றுக்குச் சவுக்குக் கம்பும் கட்டுக்கம்பியும்தான் தாங்கும். நூல் கயிறு தாங்காது.

கொடி பூத்த பிறகு பிஞ்சு மஞ்சளித்து உதிர்கிறது என்று கவலைப்படுகிறவர்கள் உடனே உரக்குறை என்று எண்ணிவிடுகிறார்கள். மகரந்தச் சேர்க்கை நடக்காததே பெரும்பாலும் காரணமாக இருக்கும். தொடக்கத்தில் வருபவையெல்லாம் ஆண் பூக்கள். அவை உதிர்வது இயல்பு. காம்பின் நுனியில் சிறு பிஞ்சைத் தாங்கி வருவது பெண் பூ. நகரத்து மாடிகளில் தேனீ குறைவு என்பதால் நாமே ஆண் பூவைப் பறித்து, அதன் இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுமுடியில் மென்மையாகத் தடவிவிட வேண்டும். இதற்குரிய வேளை கொடிக்குக் கொடி வேறுபடும். பூசணியும் பாகலும் விடியற்காலையில் மலர்கின்றன; பீர்க்கும் சுரையும் மாலை ஐந்து மணிக்குப் பின்னும், புடலை இருட்டத் தொடங்கும் நேரத்திலும் மலர்கின்றன. காலையில் பீர்க்கம் பூவைத் தொட்டுக்கொண்டிருப்பதால் பயனில்லை. அலுவலகம் செல்கிறவர்களுக்கு இந்த மாலைக் கொடிகள் வசதியானவை.

பிஞ்சு நிலைத்தபின் பழ ஈ வரும். பாகல், பீர்க்குப் பிஞ்சுகளுக்குக் காகித உறையோ மெல்லிய துணிப்பையோ மாட்டிவிடுவது எந்த மருந்தையும்விட மேலான காப்பு. ஈ குத்தி அழுகிய காய்களைச் செடியடியிலேயே விட்டால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். அவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு நாள் வெயிலில் போட்டுவிடுங்கள். புடலை சுருளாமல் நேராக நீள, பிஞ்சின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடும் பழைய வழக்கம் இன்றும் பயனுள்ளதே.

கத்தரியும் மிளகாயும் நாற்றுவிட்டு நடுபவை. ஆடியில் குழித்தட்டில் விதைத்தால் கத்தரி நாற்று முப்பது முதல் முப்பத்தைந்து நாளிலும், மிளகாய் நாற்று நாற்பது நாளையொட்டியும் நடவுக்குத் தயாராகும். செடிக்குச் செடி இரண்டடி இடைவெளி தேவை. மாடித் தோட்டத்தில் ஒரு பைக்கு ஒரு செடி என்பதே நியாயமான கணக்கு. கத்தரியின் தளிர் நுனி திடீரெனத் தலைசாய்ந்தால் தண்டு துளைப்பான் புழு உள்ளே இருக்கிறது என்று பொருள். அந்த நுனியை இரண்டு அங்குலம் கீழே வெட்டி அழித்துவிட்டால் புழு காய்க்குப் பரவாமல் தடுக்கலாம். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பூச்சி என்று அடையாளம் காணலாம். இரண்டுக்கும் தொடக்க நிலையில், ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனையத் தெளித்தால் போதும்.

பந்தல் அவரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாட்டுப் பந்தல் அவரை, பகற்பொழுது குறுகினால்தான் பூக்கும் இயல்புடையது. மாசியில் விதைத்தாலும் அது பந்தல் முழுவதும் படர்ந்து, கார்த்திகைப் பனி வரும்வரை பூக்காமல் காத்திருக்கும். அத்தனை மாதங்களும் தண்ணீரும் இடமும் வீணாகும். ஆடியில் விதைத்தால் கொடி போதிய அளவு வளர்ந்து முடிக்கும் தறுவாயில் பகல் குறுகி, மார்கழியிலும் தையிலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். ஆண்டு முழுவதும் அவரை வேண்டுவோர் செடி அவரையைத் தேர்ந்தெடுக்கலாம். பனிக்காலத்தில் அவரைத் தளிரில் மொய்க்கும் அசுவினிக்கு, விடியற்காலையில் பனி ஈரம் காயும் முன் சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள். கூடவே எறும்பையும் கவனியுங்கள். அசுவினியைக் காத்துப் பரப்புவது அதுதான்.

மழையும் பனியும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புதிதாக விதைப்பதைவிட இருப்பதைக் காப்பதே முதன்மையான வேலை. பைகளின் வடிதுளைகள் அடைபட்டிருந்தால் கம்பியால் குத்திவிட வேண்டும். தொட்டிகளுக்கு அடியில் உள்ள தட்டுகளை அகற்றிவிடுங்கள்; அவற்றில் தேங்கும் நீர் வேரை அழுகவைப்பதோடு டெங்குக் கொசுவுக்கும் இடம் தரும். தரையில் இருப்பவற்றுக்கு அரையடி உயர மேட்டுப் பாத்தி அமைத்து, வேரழுகலைத் தடுக்க மட்கிய தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து இடலாம். கீரை விதைப்பை இக்காலத்தில் நிறுத்திவைப்பது நல்லது. ஒரு கனமழை இளநாற்றுகளை மண்ணோடு சாய்த்துவிடும்.

ஆயினும் கார்த்திகைத் தொடக்கத்தில் கூரைக்கடியில் தக்காளி நாற்றுவிட மறந்துவிடாதீர்கள். தக்காளிப் பூ காயாவதற்கு இதமான இரவு தேவை. இரவு வெப்பம் 25 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்காத நாட்களில் பூக்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். கார்த்திகைத் தொடக்கத்தில் விதைத்தால் ஏறத்தாழ இருபத்தைந்து நாளில், மழை ஓயும் மார்கழியில் நடலாம். தையின் குளிர்ந்த இரவுகளில் அது பூக்கும். மாசி, பங்குனியில் பழம் பறிக்கலாம். சமவெளியில் தக்காளிக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து. நட்டவுடன் குச்சி ஊன்றிக் கட்டுங்கள். மண்ணைத் தொடும் அடி இலைகளைக் கிள்ளிவிடுங்கள். தக்காளிக்கு நடுநடுவே செண்டுமல்லி வைத்தால், காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி அந்தப் பூவை நாடி முட்டையிடும். செண்டுமல்லியின் வேர் நூற்புழுவையும் கட்டுப்படுத்தும்.

பூச்செடிகளின் கணக்கு

பூச்செடிக்குப் பின்னோக்கி எண்ணுவது இன்னும் முக்கியம். பூ வேண்டிய நாள் நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. செண்டுமல்லி விதைத்து ஏறக்குறைய அறுபது நாளில் பூக்கும். ஆயுத பூசைக்கு வேண்டுமென்றால் ஆடி முடிவதற்குள்ளும், பொங்கலுக்கு வேண்டுமென்றால் ஐப்பசி இறுதியிலும் விதைக்க வேண்டும். நட்ட மூன்று நான்கு வாரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகிப் பூவும் பெருகும். செவ்வந்தியும் அவரையைப் போலக் குறும்பகல் செடியே. ஆனி, ஆடியில் பக்கக்கன்றுகளைப் பிரித்து நட்டால் பனிக்காலத்தில் பூக்கும். ஆனால் தெருவிளக்கின் ஒளி இரவெல்லாம் படும் இடத்தில் வைத்தால், நீண்ட பகல் என்றே செடி கருதி மொட்டு விடாமல் நின்றுவிடும். நன்கு வளர்ந்தும் பூக்காத செவ்வந்திக்கு உரம் கூட்டுவதற்கு முன், இரவில் அதன்மேல் எந்த விளக்கின் ஒளி விழுகிறது என்று பாருங்கள். டிசம்பர் பூவுக்கு இத்தகைய சிரமம் ஏதுமில்லை. ஆடியில் ஒரு குச்சியை ஒடித்து ஊன்றினாலே போதும்.

மல்லிகையின் கணக்கைக் கவாத்துதான், அதாவது கிளைகளை வெட்டிவிடுவதுதான், தீர்மானிக்கிறது. மல்லிகை புதிய தளிரில்தான் மொட்டு வைக்கும். குண்டுமல்லியை நவம்பர் இறுதியில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வெட்டிவிட்டு, இலைகளை உருவி, காய்ந்த குச்சிகளை நீக்கி, செடிக்கு ஒரு கூடை தொழுவுரம் இட்டுக் கொத்திவிடுங்கள். மாசி, பங்குனியில் தொடங்கிக் கோடை முழுவதும் பூக்கும். பிச்சிக்கு டிசம்பர் இறுதியும், முல்லைக்குச் சனவரி இறுதியும் கவாத்துக்கு ஏற்றவை. செடியை வெட்ட மனம் வராமல் விட்டுவிடுகிறவர்களின் வீட்டில்தான் மல்லிகை பெரிய புதராக வளர்ந்து, நாளுக்கு நாலு பூ மட்டும் பூக்கிறது.

தையிலிருந்து கோடை வரை

கொடிக் காய்களுக்குத் தை இரண்டாவது பட்டம். மாசியில் வெண்டை, கொத்தவரை, காராமணி, வெள்ளரி ஆகியவற்றை விதைக்கலாம்; இவை வெயிலைத் தாங்கிப் பூக்கும். வெண்டை நாற்பத்தைந்து நாளில் காய்க்கத் தொடங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் காய் முற்றுவதோடு செடியின் காய்ப்பும் குறையும். கோடையில் வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்பு நோயைத் தாங்குவதற்கு, பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா அனாமிகா ரகம் ஏற்றது. இலை நரம்பு மஞ்சளான செடியைக் குணப்படுத்த இயலாது. உடனே பிடுங்கிவிட வேண்டும். சிறுகீரையையும் முளைக்கீரையையும் மணலோடு கலந்து தூவினால் இருபத்தைந்து நாளையொட்டி அறுவடை செய்யலாம். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் தழைக்கும்.

சித்திரை, வைகாசியில் விடியற்காலையில் வேரடியில் நீர் ஊற்றி, காய்ந்த இலைகளாலோ வைக்கோலாலோ மூன்று அங்குல மூடாக்கு இடுங்கள். தண்டை ஒட்டி மட்டும் மூடாக்கைச் சற்று விலக்கி வையுங்கள். மாடியில் ஐம்பது விழுக்காட்டு நிழல்வலை கட்டினால் கீரையும் மிளகாயும் பிழைக்கும். ஓய்ந்த கத்தரிச் செடியைப் பிடுங்காமல் ஒரு முழ உயரத்தில் வெட்டி உரமிட்டால், வெட்டிய அடியிலிருந்து மறுதாம்பாகத் தழைத்து மீண்டும் காய்க்கும்.

அடுத்த ஆடிக்கு வேண்டிய விதையையும் இக்காலத்திலேயே ஒழுங்குபடுத்திவிட வேண்டும். கலப்பினச் செடியின் விதை தாய்ச்செடியைப் போல வராது. ஆகவே நாட்டு ரகங்களில் மட்டும் முதல் பறிப்பின் நல்ல காய்களைச் செடியிலேயே முற்றவிட்டு, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து கண்ணாடிப் புட்டியில் அடைத்து, பெயரையும் மாதத்தையும் எழுதி வையுங்கள். ஆடிக்கு ஒரு வாரம் முன்பு பத்து விதைகளை ஈரத்துணியில் சுற்றிவைத்துப் பாருங்கள். ஏழுக்குக் குறைவாக முளைத்தால் குழிக்கு இரண்டு விதை கூடுதலாக ஊன்ற வேண்டும், நான்குக்கும் குறைந்தால் வேறு விதை தேட வேண்டும்.