ஒரே படம், இரு நிறம்: எங்கே தவறாகப் புரிந்துகொள்கிறோம்?

2015 பிப்ரவரியில் உலகத்தையே இரண்டாகப் பிரித்த அந்த உடைப் படம் பலருக்கு நினைவிருக்கும். சிலர் நீலம்–கறுப்பு என்றார்கள், சிலர் வெள்ளை–தங்கநிறம் என்றார்கள். உடை உண்மையில் நீலம்–கறுப்புதான் என்பது பிறகு உறுதியானது. ஆனாலும் இத்தகைய படங்கள் வரும்போதெல்லாம் அதே தவறான விளக்கங்கள் கிளம்புகின்றன. பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றுதான்: நிறம் பொருளின் மேல் ஒட்டியிருக்கிறது, கண் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறது என்ற எண்ணம்.

கண்ணுக்கு வருவது பொருளின் நிறம் மட்டுமல்ல. பொருளின் பரப்பும் அதன்மேல் விழும் ஒளியும் கலந்த கலவைதான் வருகிறது. மஞ்சள் சாயலுள்ள (சுமார் 2700 கெல்வின் நிறவெப்பநிலை) குண்டுபல்பின் கீழ் ஒரு வெள்ளைத்தாள் மஞ்சள் ஒளியை அனுப்புகிறது. வானத்தின் ஒளி மட்டும் விழும் நிழலில் அதே தாள் நீல ஒளியை அனுப்புகிறது. இரண்டு இடத்திலும் நாம் வெள்ளை என்றே சொல்கிறோம், ஏனென்றால் ஒளியின் பங்கை மூளை கழித்துவிடுகிறது. எதைக் கழிப்பது என்பதற்குப் படத்தில் தடயம் இல்லாதபோது மூளை ஊகிக்கிறது. ஆளுக்கு ஆள் ஊகம் மாறுகிறது.

இது புரியாததால், எதிரே இருப்பவருக்கு நிறக்குருடு என்று சட்டென முடிவுகட்டுகிறோம். பிறவி நிறப்பார்வைக் குறைபாடு பெரும்பாலும் சிவப்பையும் பச்சையையும் பிரிப்பதில்தான் இடறும். நிறப்புள்ளிகளுக்குள் எண்ணை ஒளித்துவைத்து, 1917-ல் வந்த இஷிஹாரா புள்ளித் தட்டுகள் சோதிப்பதும் அதைத்தான். உடைப் படத்தின் தகராறோ நீலம்–மஞ்சள் திசையில். தட்டுகளை ஒன்றுவிடாமல் சரியாகப் படிக்கும் இருவர் அந்தப் படத்தில் முரண்படுவது சாதாரணம். விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்பு செல்களின் எண்ணிக்கைமீது பழி போடுவதும் எடுபடாது. நீண்ட அலைக் கூம்புகளுக்கும் நடுத்தர அலைக் கூம்புகளுக்கும் உள்ள விகிதம் ஆளுக்கு ஆள் ஏறக்குறைய 1:1 முதல் 16:1 வரை மாறுகிறது. அப்படியிருந்தும், சிவப்பும் பச்சையும் கலவாத தூய மஞ்சள் எது என்று கேட்டால் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே அலைநீளத்தையே காட்டுகிறார்கள்.

அடுத்து, திரைமீது பழி. இதில் பாதி உண்மை இருக்கிறது. நைட் மோடு திரையை மஞ்சளாக்கும், சில திரைகளைச் சாய்த்துப் பார்த்தாலே நிறம் மாறும். ஆனால் ஒரே கைபேசியை ஒரே நேரத்தில் பார்க்கும் இருவரும் முரண்படுகிறார்களே, அதைத் திரையால் விளக்க முடியாது.

மிகப் பெரிய தவறு, படத்தில் தொட்ட இடத்தின் நிறத்தை எண்ணாகக் காட்டும் மென்பொருள் கருவியால் படத்தில் குத்தி, வரும் எண்ணை ‘உண்மையான நிறம்’ என்று அறிவிப்பது. உடைப் படத்தில் குத்தினால் வெளிர்நீலமும் பழுப்பும் வரும். அவை நீலம்–கறுப்பும் அல்ல, வெள்ளை–தங்கமும் அல்ல. பிக்சல் எண் திரை வெளியிடும் ஒளியைச் சொல்கிறது, துணியின் சாயத்தைச் சொல்வதில்லை. வெளிர்நீலப் பிக்சல் நீல நிழலில் நிற்கும் வெள்ளைத் துணியாக இருக்கலாம், மஞ்சள் ஒளியில் நிற்கும் நீலத் துணியாகவும் இருக்கலாம். இரண்டும் பொருந்துவதால்தான் தகராறே வந்தது. உடையை வெட்டியெடுத்து, ஒளி எப்படிப்பட்டது என்று ஐயமின்றித் தெரியும் காட்சியில் வைத்துக் காட்டியபோது பெரும்பாலோர் ஒரே விடைக்கு வந்துவிட்டார்கள்.

எண்ணை எடுப்பதிலும் பிழை வரும். ஜேபெக் படத்தில் நிற விவரம் சுருக்கப்பட்டிருக்கும், ஒற்றைப் பிக்சலை நம்பக்கூடாது. கருவியில் 5×5 பிக்சல் பரப்பின் சராசரியைத் தேர்ந்தெடுத்து, நான்கைந்து இடங்களில் அளந்து பாருங்கள். நைட் மோடு இயங்கும்போது எடுக்கும் திரைப்பிடிப்பில் அந்த மஞ்சள் பெரும்பாலும் பதிவாகாது. அதனால் கண் பார்ப்பதும் கருவி சொல்வதும் ஒத்துப்போகாது.

‘மூளை ஏமாறுகிறது’ என்பதும் சரியான பேச்சல்ல. பார்வை ஆய்வாளர் எட்வர்ட் அடெல்சன் 1995-ல் உருவாக்கிய சதுரங்கப்பலகைப் படத்தில், நிழலில் இருக்கும் வெளிர்க் கட்டமும் வெளிச்சத்தில் இருக்கும் கருங்கட்டமும் வெவ்வேறாகத் தெரிந்தாலும் உண்மையில் ஒரே சாம்பல் நிறம். சரிபார்க்க, கட்டத்தைவிடச் சிறிய இரண்டு துளைகள் போட்ட அட்டையைத் திரைமேல் வைத்தால் போதும். நிழலைக் கழித்துப் பலகையைச் சரியாகப் படிக்கும் திறமைதான் அங்கே வேலை செய்கிறது. அந்தத் திறமை இல்லாவிட்டால், மேகம் கடக்கும்போதெல்லாம் பொருள்கள் நிறம் மாறும்.

எல்லா நிறமாயங்களுக்கும் இதே விளக்கத்தை ஒட்டவும் கூடாது. ஒரு சிவப்புப் புள்ளியை 30 வினாடி உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால் தெரியும் நீலப்பச்சைப் பிம்பம், கண் அந்த நிறத்துக்குப் பழகிச் சோர்ந்ததால் வருவது. மெல்லிய கோடுகளுக்கு இடையே உள்ள ஒரே நிறப் பந்துகள் வெவ்வேறு நிறமாகத் தெரிவது, பக்கத்து நிறம் கலந்து தெரிவதால். பின்னதில் படத்தைப் பெரிதாக்கினால் மாயம் குறையும், ஆகவே பார்க்கும் அளவைக் குறிக்காமல் முடிவு சொல்லக்கூடாது.

இந்தப் படங்களை ஆளுமைச் சோதனையாக்குவது வெறும் கதை. 13,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2017-ல் வெளியான ஆய்வு ஒன்றில், உடை நிழலில் இருப்பதாக எண்ணியவர்கள் வெள்ளை–தங்கத்தைக் காணும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அதிகாலையில் எழுபவர்களிடமும் அதே சாய்வு சற்றுத் தெரிந்தது. பகலொளியில் அதிகம் பழகியவர் நீல ஒளியைக் கழிக்கப் பழகியிருக்கலாம் என்பது அதற்குத் தரப்பட்ட விளக்கம். அது கூட்டத்தின் போக்குதான், தனியொருவரைப் பற்றி எதையும் சொல்லாது.

நீங்களே சோதிப்பதானால் ஒரே திரையைப் பயன்படுத்துங்கள். நைட் மோடையும் தானியங்கி வெளிச்சத்தையும் அணைத்துவிட்டு, ஒரு கை தூரத்தில் வையுங்கள். அறைவிளக்குக்குக் கண் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள். படங்களுக்கு நடுவே வெறும் சாம்பல் திரை ஒன்றைக் காட்டுங்கள். அடுத்தவர் பதிலைக் கேட்கும் முன்பே ஒவ்வொருவரும் எழுதிவிட வேண்டும். நிறத்தோடு ‘இந்தப் பொருள்மேல் எந்த வெளிச்சம் விழுகிறது?’ என்றும் கேளுங்கள், விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நிறப்பெயரை மட்டும் நம்பாதீர்கள். ‘ஊதா’ என்ற சொல்லை ஒருவர் நீலத்துக்கும் இன்னொருவர் கத்தரிப்பூ நிறத்துக்கும் சொல்வது நம் மொழியில் சகஜம். ஒரே நிறத்தைக் கண்ட இருவர் இந்தச் சொல்லாலேயே சண்டை போடலாம். சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஆர்ஜிபி நகர்த்திகளைக் கையில் கொடுத்து, தமக்குத் தெரியும் நிறத்தை ஒரு கட்டத்தில் உருவாக்கிக் காட்டச் சொன்னால் இந்தக் குழப்பம் வராது.