சிபிலிஸ் ரேபிட் டெஸ்ட்: முதல்முறை செய்பவர்களுக்கு

சிபிலிஸ் ரேபிட் டெஸ்ட் செய்யப் பழக அரை நாள் போதும். அதில் தெரியும் கோட்டுக்கு என்ன பொருள் என்று பிடிபடத்தான் நாளாகும். புதிதாகச் சேரும் சுகாதாரப் பணியாளர்களுக்காக இரண்டையும் எழுதுகிறேன்.

சிபிலிஸ், டிரெபோனீமா பாலிடம் என்ற பாக்டீரியாவால் வரும் பால்வினை நோய். இந்த டெஸ்ட் கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. இதை மட்டும் மறக்காதீர்கள், பின்னால் வரும் குழப்பமெல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

1. தயாராகுங்கள். கேசட், அதாவது டெஸ்ட் நடக்கும் சின்ன பிளாஸ்டிக் தகடு, இருக்கும் உறையில் காலாவதி தேதியைப் பாருங்கள். ஃப்ரிட்ஜில் இருந்ததென்றால், அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் உறையைக் கிழிக்க வேண்டும். முன்னாடியே பிரித்துவைத்தால் ஈரம் ஏறிவிடும். கேசட்டில் நோயாளியின் எண்ணை எழுதுங்கள். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டு, அடையாளம் தெரியாத இரண்டு கேசட்டுகளுக்கு நடுவே நான் விழித்துக்கொண்டு நின்றதுண்டு. கடைசியில் இருவரையும் மறுபடி குத்த வேண்டியதாயிற்று.

2. விரலில் குத்துங்கள். கையுறை போட்டுக்கொண்டு, நடுவிரலையோ மோதிர விரலையோ ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். காயாமல் குத்தினால் எரியும், ரத்தமும் கெடும். நுனியின் நட்டநடுவில் வேண்டாம், சற்றுப் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறையும். முதல் சொட்டை உலர்ந்த பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்த சொட்டை எடுங்கள். சொட்டு வரவில்லையே என்று விரலைப் பிழியக் கூடாது. பிழிந்தால் திசுநீரும் சேர்ந்து வந்து ரத்தம் நீர்த்துவிடும். கையைத் தொங்கவிட்டு, அடிவிரலிலிருந்து மெல்ல நீவினாலே போதும்.

3. ரத்தம், பிறகு பஃபர். கிட்டோடு வரும் குழாயில் குறித்த கோடு வரை, குமிழி இல்லாமல் ரத்தத்தை எடுத்துக் குழியில் விடுங்கள். பல கிட்களில் இது 10 அல்லது 20 மைக்ரோலிட்டர்தான். அடுத்து பஃபர், அதாவது ரத்தத்தைக் கேசட்டுக்குள் ஓடவைக்கும் திரவம். எத்தனை சொட்டு என்று கிட்டோடு வரும் தாளில் இருக்கிறதோ அத்தனை, பாட்டிலைச் செங்குத்தாகப் பிடித்து. ஒரு கம்பெனி கிட்டின் பஃபரை இன்னொரு கிட்டுக்குப் பயன்படுத்தவே கூடாது. விரலில் குத்திய லான்செட்டை உடனே ஊசிக் கழிவுப் பெட்டியில் போடுங்கள்.

4. டைமர் வையுங்கள். இளஞ்சிவப்பு நிறம் ஒன்று ஜன்னலில் மெல்ல ஊர்ந்து போவது தெரியும். அது வேலை நடக்கிறது என்பதற்கான அறிகுறி, முடிவு அல்ல. பல கிட்களுக்கு 5 முதல் 20 நிமிடம் வரை படிக்கும் நேரம். உங்கள் கிட்டின் தாளில் போட்டிருப்பதே சட்டம். நேரம் தாண்டியபின் முளைக்கும் கோட்டை நம்பாதீர்கள்.

5. படியுங்கள். முதலில் சி கோடு, டெஸ்ட் சரியாக வேலை செய்ததா என்று காட்டுவது. அது வரவில்லையென்றால், ஆன்டிபாடியைக் காட்டும் டி கோடு பளிச்சென்று இருந்தாலும் டெஸ்ட் செல்லாது. புது கேசட்டில் மறுபடி செய்யுங்கள். சி மட்டும் வந்தால் நெகட்டிவ். இரண்டும் வந்தால் பாசிட்டிவ். டி கோடு மங்கலாக இருந்தால்? பாசிட்டிவ்தான். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது: கேசட்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்கள், "லேசா" என்று எழுதுவார்கள். அப்படி ஒரு முடிவு கிடையாது. கண்ணுக்கு ஐயமிருந்தால் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, பாசிட்டிவ் வந்துவிட்டது. அவருக்கு இப்போது நோய் இருக்கிறது என்று சொல்லிவிடலாமா? முடியாது. பத்து வருடம் முன்பு ஊசி போட்டுக் குணமானவருக்கும் பெரும்பாலும் இந்தக் கோடு வரும். அந்த ஆன்டிபாடி பலருக்கு ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். ஆகவே, முன்பு சிகிச்சை எடுத்தீர்களா என்று கேட்பதும், ஆர்பிஆர் அல்லது விடிஆர்எல் என்ற வேறு வகை ரத்த டெஸ்ட்டுக்கு அனுப்புவதும் அவசியம். அவற்றில் டைட்டர் கிடைக்கும், அதாவது ரத்த மாதிரியை எத்தனை மடங்கு நீர்த்தாலும் டெஸ்ட் பாசிட்டிவ் காட்டுகிறது என்ற அளவு. சிகிச்சைக்குப் பின் 1:32 என்பது 1:8 ஆகக் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். ரேபிட் டெஸ்ட்டை மறுபடி மறுபடி செய்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

கர்ப்பிணி என்றால் தாமதம் ஆபத்து. தொற்று குழந்தைக்குப் போய்விடும். திரும்ப வருவாரா என்ற சந்தேகம் இருக்கும் இடங்களில், ரேபிட் பாசிட்டிவ் வந்த அன்றே மருத்துவர் முதல் பென்சத்தீன் பென்சிலின் ஊசியைப் போட்டுவிட்டு, அடுத்து ஆர்பிஆர் பார்ப்பதும் உண்டு.

நெகட்டிவ் வந்தாலும் ஒரு கேள்வி பாக்கி. தொற்றிய பிறகு புண் தோன்றவே 10 முதல் 90 நாள் ஆகலாம், ஆன்டிபாடி அதற்கும் பிந்தி வரலாம். வலியில்லாத புதுப் புண்ணோடு வந்தவருக்கு நெகட்டிவ் என்றால், மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, சில வாரம் கழித்து மறுபடி டெஸ்ட்டுக்கு வரச் சொல்லித் தேதியைக் கையில் எழுதிக் கொடுங்கள்.